ஒன்றுமே செய்யாத ஃபங்ஷனுக்கு 9.8 நொடி

எங்கள் வெப் அப்ளிகேஷனில் தன் வெர்ஷன் எண்ணை மட்டும் திருப்பித் தருகிற ஒரு சின்ன யூஆர்எல் இருக்கிறது. டேட்டாபேஸைத் தொடாது, ஃபைலைத் திறக்காது, வெளியே யாரையும் கூப்பிடாது. மெமரியில் இருக்கிற எட்டு எழுத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விடும், அவ்வளவுதான். பிரவுசரில் திறந்திருக்கிற ஒவ்வொரு பக்கமும் நிமிடத்துக்கு ஒருமுறை அதைக் கேட்கும். ஒருநாள் சாயங்காலம், எங்கள் சர்வருக்கு முன்னால் நின்று ரிக்வெஸ்ட்களை வாங்கி உள்ளே அனுப்பும் என்ஜின்எக்ஸ் என்ற மென்பொருளின் லாகில் (பதிவேட்டில்) அந்த யூஆர்எல்லுக்கு 9.812 நொடி என்று பதிவாகியிருந்தது. அதே ரிக்வெஸ்ட்டுக்கு, அதே ஐடியோடு, எங்கள் அப்ளிகேஷனின் லாகில் 1 மில்லிநொடி என்று இருந்தது. இரண்டு லாகுமே உண்மையைத்தான் சொல்லின என்பது எனக்குப் புரிய மூன்று வாரம் ஆனது. புரிந்த பிறகு, ஈவென்ட் லூப்பின் மேல், அதாவது தயாராக இருக்கிற வேலைகளை ஒரே ஆள் சுற்றிச் சுற்றி எடுத்துச் செய்கிற மாதிரியான ஏற்பாட்டின் மேல், ஒரு அப்ளிகேஷனை ஓட்டுவது பற்றி நான் அதுவரை வைத்திருந்த எண்ணத்தில் பாதியைத் தூக்கிப் போட வேண்டியிருந்தது. அதைத்தான் எழுதி வைக்கிறேன்.

முதலில் நாங்கள் ஏன் ஈவென்ட் லூப் பக்கம் வந்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பழைய அமைப்பில் ஒரு ரிக்வெஸ்ட்டுக்கு ஒரு த்ரெட், அதாவது ப்ராசஸுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலையோட்டம். பயனர்களுக்கு உடனடி அறிவிப்பு அனுப்ப வெப்சாக்கெட் சேர்த்ததும் அது தாங்கவில்லை. மணிக்கணக்கில் சும்மா திறந்திருக்கும் இணைப்பு ஒவ்வொன்றும் ஒரு த்ரெட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது. 1999-இல் டான் கெகல் என்ற புரோகிராமர் ஒரே சர்வரில் பத்தாயிரம் இணைப்புகளைத் தாங்குவது பற்றி எழுதிய அதே சிக்கல்தான், எங்கள் அளவில் ஆயிரத்திச் சொச்சத்திலேயே வந்துவிட்டது. சரி என்று, பைத்தான் மொழியில் ஈவென்ட் லூப்பின் மேல் ஓடும் ஃபாஸ்ட்ஏபிஐ என்ற ஃபிரேம்வொர்க், அதை ஓட்டும் யுவிகார்ன் என்ற சர்வர் என்று மாறினோம். நான்கு கண்டெய்னர் (அப்ளிகேஷனைத் தனித்தனியாக ஓட்டும் பெட்டிகள்), ஒவ்வொன்றிலும் ஒரு ப்ராசஸ், ஒவ்வொரு ப்ராசஸிலும் ஒரு லூப். வெப்சாக்கெட் இணைப்புகள் எல்லாம் பஞ்சு மாதிரி லேசாகிவிட்டன. மெமரி பாதியாகக் குறைந்தது. அந்த மாற்றத்தில் எனக்கு இன்றும் வருத்தம் கிடையாது. சும்மா காத்திருக்கிற இணைப்புகளை வைத்துக்கொள்ள இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

தொந்தரவு எட்டு மாதம் கழித்து ஆரம்பித்தது. சாயங்கால நேரங்களில் மட்டும், எல்லாமே மெதுவாகும். எல்லாமே என்றால் உண்மையாகவே எல்லாமும்: லாகின், பட்டியல், தேடல், வெர்ஷன் எண். சிபியூ 8, 9 சதவீதத்தைத் தாண்டாது. டேட்டாபேஸ் நிம்மதியாக இருக்கும். அப்புறம் கண்டெய்னர்களை மேய்க்கிற குபர்நெட்டீஸ் ஒவ்வொரு கண்டெய்னராகக் கொன்று மறுபடி எழுப்ப ஆரம்பிக்கும். அதன் உயிர்ச் சோதனைக்கு நாங்கள் இயல்பாக வரும் அளவுகளையே விட்டு வைத்திருந்தோம்: 10 நொடிக்கு ஒருமுறை கேட்கும், 1 நொடிக்குள் பதில் வராவிட்டால் தோல்வி, மூன்று தோல்வி தொடர்ந்து வந்தால் கண்டெய்னர் காலி. அதில் பாதியில் நின்ற ரிக்வெஸ்ட்கள் எல்லாம் அறுந்துபோகும், பயனர்கள் மறுபடி பட்டனை அழுத்துவார்கள், மிச்சமிருக்கிற மூன்று கண்டெய்னர்கள் தலையில் அத்தனையும் விழும். ஒன்று விழுந்தால் அடுத்ததும் விழுகிற நிலை.

## நெட்வொர்க் மேல் போட்ட பழி

இரண்டு லாகுகளுக்கும் நடுவில் 9.8 நொடி காணாமல் போகிறது என்றால், நடுவில் இருப்பது நெட்வொர்க்தானே? அப்படித்தான் நான் வாதாடினேன். உள் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிற சக ஊழியர் ஒருவரை இரண்டு வாரம் பாக்கெட் பாக்கெட்டாகப் பிடித்துப் பார்க்க வைத்தேன். அவர் பொறுமையாக ஒரு விஷயத்தை மட்டும் திரும்பத் திரும்பக் காட்டினார். என்ஜின்எக்ஸ் எங்கள் ப்ராசஸோடு இணைப்பு ஏற்படுத்த எடுத்த நேரம் 0.000 நொடி. ரிக்வெஸ்ட்டும் உடனே போய்ச் சேர்ந்துவிட்டது, எதிர்முனை அதைப் பெற்றுக்கொண்டதாக ஒப்புதலும் வந்துவிட்டது. "உங்க வாசல் வரைக்கும் கொண்டுவந்து கொடுத்தாச்சு, அதுக்கப்புறம் உள்ள என்ன நடக்குதுன்னு நீங்கதான் பார்க்கணும்" என்றார். நான் அதை ஏற்கவில்லை. என் லாகில்தான் 1 மில்லிநொடி என்று இருக்கிறதே!

அங்கேதான் தவறு. டிசிபி இணைப்பை ஏற்றுக் கைகுலுக்குவது எங்கள் ப்ராசஸ் இல்லை, ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னல். அது இணைப்பை முடித்து, வரிசையில் நிறுத்தி, வந்த பைட்டுகளையும் தன் பஃபரில் வாங்கி வைத்துக்கொள்ளும். அப்ளிகேஷன் அந்தச் சமயத்தில் வேறு எதிலோ மாட்டிக்கொண்டிருந்தாலும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்த மாதிரிதான் தெரியும். லூப் திரும்பி வந்து, எந்த இணைப்பில் டேட்டா வந்திருக்கிறது என்று சொல்கிற ஈபோல் என்ற கெர்னல் வசதியிடம் "யாரெல்லாம் தயார்?" என்று கேட்டு, அந்த சாக்கெட்டைப் படித்த பிறகுதான், ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டின் நேரத்தையும் அளக்கிற எங்கள் மிடில்வேர் தன் கடிகாரத்தை ஓடவிடும். அதாவது ரிக்வெஸ்ட் 9.811 நொடி வாசலில் நின்றுவிட்டு, 1 மில்லிநொடியில் வேலையை முடித்துக்கொண்டு போயிருக்கிறது. உள்ளே இருந்து அளக்கிற கடிகாரத்துக்கு வாசலில் நின்ற நேரம் தெரியவே தெரியாது. மாதக்கணக்கில் நான் அந்தக் கடிகாரத்தை வைத்துத்தான் "நம் சராசரி 40 மில்லிநொடி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

## ஒரே நொடியில் முடிந்த பதினேழு

எனக்குக் கண் திறந்தது ஒரு சின்னக் காரியத்தால். என்ஜின்எக்ஸ் லாக், ரிக்வெஸ்ட் முடிந்த நேரத்தில் எழுதப்படுவது. ஒரு கண்டெய்னருக்குப் போனவற்றை மட்டும் பிரித்து எடுத்து, எடுத்துக்கொண்ட நேரத்தை ஒவ்வொன்றிலும் கழித்து, தொடங்கிய நேரம் ஒரு பத்தி, முடிந்த நேரம் ஒரு பத்தி என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தொடங்கிய நேரங்கள் சிதறிக் கிடந்தன: 12-ஆம் நொடி, 13.4, 15, 15.2, 18 என்று. முடிந்த நேரங்கள்? பதினேழு ரிக்வெஸ்ட்களும் 22-ஆம் நொடியில். ஒரு லாகின், நான்கு தேடல், ஆறு வெர்ஷன் எண், மிச்சம் என்னென்னவோ. ஒன்றுக்கொன்று எந்தச் சம்பந்தமும் இல்லாதவை எல்லாம், மூடிய ரயில்வே கேட் திறந்ததும் வண்டிகள் கிளம்புகிற மாதிரி, ஒரே சமயத்தில் கிளம்பியிருந்தன. அப்படியானால் எங்கேயோ ஒரு கேட் இருக்கிறது. 12-ஆம் நொடியில் யாரோ அதை மூடியிருக்கிறார்கள்.

அடுத்த சாயங்காலம் காத்திருந்து, மெதுவாக ஆரம்பித்ததும் கண்டெய்னருக்குள் போய் பை-ஸ்பை என்ற கருவியை ஓட்டினேன். ஓடிக்கொண்டிருக்கிற பைத்தான் ப்ராசஸை மறுபடி தொடங்காமலே, நிரலை மாற்றாமலே, இந்தக் கணத்தில் அது எந்த வரியில் நிற்கிறது என்று காட்டக்கூடியது. முதல் தடவை மெயின் த்ரெட் ஒரு சாக்கெட்டைப் படிக்கிற வரியில் நின்றது. இரண்டு நொடி விட்டு மறுபடி ஓட்டினேன். அதே வரி. இன்னும் மூன்று நொடி. அதே வரி. அதற்கு மேலே ஏறிப் பார்த்தால் வெளிச் சேவைகளைக் கூப்பிட உதவும் 'ரிக்வெஸ்ட்ஸ்' லைப்ரரி, அதற்கும் மேலே ஆவணங்களுக்கு டிஜிட்டல் கையொப்பம் வாங்க வெளியே ஒரு சேவையைக் கூப்பிடுகிற எங்கள் ஃபங்ஷன். லூப்பை ஓட்ட வேண்டிய ஒரே த்ரெட், வெளியே யாரோ பதில் சொல்வதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றுகொண்டிருந்தது.

நிரலில் செய்த மாற்றங்களைப் பதிந்து வைக்கிற 'கிட்' கருவியில் அந்த ஃபங்ஷனின் வரலாற்றை எடுத்தேன். எட்டு மாதமாக யாரும் தொடாத ஃபங்ஷன். மூன்று வாரத்துக்கு முன் ஒரே ஒரு மாற்றம், ஒரே ஒரு சொல். பைத்தானில் ஒரு ஃபங்ஷனை ஆரம்பிக்கிற 'டெஃப்' என்ற சொல்லுக்கு முன்னால் 'ஏசிங்க்' என்று சேர்த்திருந்தார்கள். மாற்றக் குறிப்பில் "மற்ற எல்லாவற்றையும் போல ஒரே சீராக" என்று எழுதியிருந்தது. எழுதியவர் ஒரு சக ஊழியர். சரிபார்த்து ஒப்புதல் கொடுத்தது நான்.

ஃபாஸ்ட்ஏபிஐ இதில் ஒளித்து வைக்காத ஒரு விதியைக் கடைப்பிடிக்கிறது. வெறும் டெஃப் என்று எழுதிய ஃபங்ஷனை அது தனி த்ரெட்டுக்கு அனுப்பிவிடும், இயல்பாக 40 த்ரெட் வரைக்கும். ஏசிங்க் டெஃப் என்று எழுதினால் "இவன் எங்கேயும் நின்றுவிட மாட்டான்" என்று நம்பி லூப்பிலேயே ஓட்டும். எட்டு மாதம் அந்தக் கையொப்ப ஃபங்ஷன் தன் த்ரெட்டில் தனியாக நின்று காத்திருந்தது, யாருக்கும் இடைஞ்சல் இல்லை. ஒரு சொல்லைச் சேர்த்ததும் அதன் காத்திருப்பு அந்த ப்ராசஸில் இருந்த அத்தனை பேரின் காத்திருப்பாக ஆகிவிட்டது. கையொப்பச் சேவை சாயங்காலத்தில் கூட்டம் அதிகமாகி 3 நொடிக்குப் பதில் 10 நொடி எடுத்தது. போதாக்குறைக்கு 'ரிக்வெஸ்ட்ஸ்' லைப்ரரிக்கு நாமாகக் கொடுக்காவிட்டால் டைம்அவுட்டே, அதாவது இவ்வளவு நேரத்தில் பதில் வராவிட்டால் கைவிடு என்கிற வரம்பே, கிடையாது. எங்கள் சோதனைச் சூழலில் இது ஏன் மாட்டவில்லை என்றால், அங்கே கையொப்பச் சேவைக்குப் பதில் ஒரு போலி இருந்தது, அது 5 மில்லிநொடியில் பதில் சொல்லிவிடும். லோடு டெஸ்ட்டும் அதே போலியை வைத்துத்தான்.

அந்த ஒரு சொல்லை எடுத்தோம். அன்று சாயங்காலம் எதுவும் நடக்கவில்லை. கையொப்பம் மட்டும் மெதுவாக வந்தது.

## அந்தச் சொல் என்ன வாக்குக் கொடுக்கிறது

இதை ஒரு பிழை, திருத்தியாகிவிட்டது என்று விட்டுவிட என்னால் முடியவில்லை. ஏனென்றால் நான் அந்த மாற்றத்தைப் படித்துவிட்டுத்தான் ஒப்புதல் கொடுத்தேன், அதில் தவறாக எதுவும் என் கண்ணில் படவில்லை. ஏசிங்க் என்ற சொல்லை நான் "இது வேகமானது" என்ற அடையாளமாகவே படித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சொல் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கிற அர்த்தம் வேறு. "இந்த ஃபங்ஷன் எங்கேயும் லூப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளாது" என்று மற்ற எல்லா ரிக்வெஸ்ட்களுக்கும் நாம் கொடுக்கிற வாக்கு அது. அதைக் காப்பாற்றுகிறோமா என்று பைத்தானும் பார்க்காது, ஃபிரேம்வொர்க்கும் பார்க்காது, டெஸ்ட்டும் பார்க்காது. வாக்கை மீறினால் பாதிக்கப்படுவது மீறிய ஃபங்ஷனும் இல்லை, அதே ப்ராசஸில் சும்மா நின்ற வெர்ஷன் எண். அதனால்தான் லாகில் தேடினால் குற்றவாளி கிடைப்பதில்லை, பாதிக்கப்பட்டவர்கள்தான் வரிசையாகக் கிடைக்கிறார்கள்.

ஏசிங்க் ஃபங்ஷனுக்குள் ஒன்றின் முடிவுக்காகக் காத்திருக்க எழுதுகிற 'அவெய்ட்' என்ற சொல் பற்றியும் எனக்கு ஒரு தவறான நம்பிக்கை இருந்தது. அவெய்ட் என்று எழுதிய இடத்திலெல்லாம் கட்டுப்பாடு லூப்புக்குத் திரும்பிவிடும் என்று நினைத்திருந்தேன். பைத்தானில் அப்படிக் கிடையாது. நாம் அவெய்ட் செய்கிற ஃபங்ஷன், அதற்குள் இருக்கிற ஃபங்ஷன் என்று அடிவரை போய், அங்கே யாராவது உண்மையிலேயே காத்திருக்க வேண்டிய நிலை வந்தால்தான் லூப்புக்கு வழி விடும். அடியில் வெறும் கணக்குப் போடுகிற வேலைதான் இருக்கிறது என்றால் பத்து அவெய்ட் இருந்தாலும் மூச்சு விடாமல் ஒரே ஓட்டம்தான். ஜாவாஸ்கிரிப்ட்டில் அவெய்ட் ஒவ்வொரு முறையும் விட்டுக்கொடுக்கும், ஆனால் மைக்ரோடாஸ்க் என்ற உள் வரிசைக்குத்தான். அந்த வரிசை காலியாகும் வரை லூப் சாக்கெட் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது. ஆக, சிரத்தையாக எல்லா இடத்திலும் அவெய்ட் எழுதிய நிரலும் கேட்டை மூடி வைக்கக்கூடும். பெரிய ஜேசன் டேட்டா ஒன்றைப் பிரிப்பது, ஒழுங்காக எழுதாத ரெஜெக்ஸ் (எழுத்தில் ஒரு வடிவத்தைத் தேடும் விதி) நீளமான எழுத்தில் சிக்கிக்கொள்வது, இவற்றில் வெளியே கூப்பிடுகிற வேலையே இல்லை, இருந்தாலும் விளைவு ஒன்றுதான்.

ஜாவாஸ்கிரிப்ட்டை சர்வரில் ஓட்டுகிற நோட் ஜேஎஸ்ஸில் இதற்கு ஒரு ஒன்றுவிட்ட உறவு உண்டு. அதையும் ஒருமுறை பட்டிருக்கிறேன். அங்கே லூப் சுத்தமாகத்தான் இருந்தது, ஆனால் வெளியே போகிற அழைப்புகள் மட்டும் விட்டு விட்டு இழுத்தன. சாதாரண ஃபைல்களை ஈபோலால் கண்காணிக்க முடியாது, கெர்னலே மறுத்துவிடும். அதனால் நோட் ஜேஎஸ்ஸின் லூப்பை ஓட்டுகிற லிப்யூவி என்ற லைப்ரரி ஃபைல் வேலைகளைத் தன் பின்னணி த்ரெட்களுக்குத் தள்ளிவிடுகிறது. பாஸ்வேர்டு ஹாஷ் போடுவதும், ஹோஸ்ட் பெயரை ஐபி முகவரியாக மாற்றுவதும் அதே த்ரெட்களில்தான். அவை இயல்பாக மொத்தம் 4. பலர் ஒரே நேரத்தில் லாகின் செய்ததும் நான்கும் ஹாஷில் உட்கார்ந்துவிட்டன, வெளியே போக வேண்டிய அழைப்பு முகவரி கிடைக்காமல் பின்னால் நின்றது. எண்ணைக் கூட்ட ஒரு என்விரான்மென்ட் வேரியபிள் போதும். அந்த 4 என்ற எண் இருப்பதே தெரியாமல் இரண்டு வருடம் ஓட்டியிருக்கிறோம் என்பதுதான் என்னை உறுத்தியது.

## சரியாகச் செய்யப் போய்

டெஃபுக்குத் திரும்பியது தற்காலிகம் என்றுதான் முதலில் நினைத்தோம். "முறையாக" செய்வோம் என்று 'ரிக்வெஸ்ட்ஸ்' லைப்ரரியை எடுத்துவிட்டு, லூப்பை நிறுத்தாமல் வெளியே கூப்பிடத் தெரிந்த ஹெச்டிடிபிஎக்ஸ் லைப்ரரியைப் போட்டு, கையொப்ப ஃபங்ஷனை உண்மையான ஏசிங்க்காக மாற்றினோம். அதன் இயல்பான டைம்அவுட் 5 நொடி, எங்களுக்குப் போதாது, 30 ஆக்கினோம். லூப் துளிகூட நிற்கவில்லை, வெர்ஷன் எண் 2 மில்லிநொடியில் வந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் மெமரி நிரம்பிக் கண்டெய்னர் செத்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க இந்த முறை ஒரு மணி நேரம்தான் ஆனது. முன்பு 40 த்ரெட்கள் இருந்தபோது ஒரு ப்ராசஸில் ஒரே நேரத்தில் 40 ஆவணங்களுக்கு மேல் கையொப்பத்துக்குப் போக முடியாது. அதற்கு மேல் வந்தவை பிடிஎஃப் உருவாக்கவே ஆரம்பிக்காமல் வெளியே நிற்கும். யாரும் யோசித்து வைத்த வரம்பு இல்லை, ஆனாலும் அது எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. லூப்புக்கு அப்படி ஒரு வரம்பே கிடையாது. வருகிற அத்தனை பேரையும் உள்ளே விட்டது, எல்லோருக்கும் பிடிஎஃப்பை உருவாக்கி மெமரியில் வைத்தது, அப்புறம் அத்தனை பேரையும் ஹெச்டிடிபிஎக்ஸின் 100 இணைப்புகளுக்காகக் காத்திருக்க வைத்தது. மெதுவான ஒரு சேவைக்கு முன்னால் எல்லையில்லாத கூடம் ஒன்றைக் கட்டியிருந்தோம். ஆயிரக்கணக்கான இணைப்புகளைத் தாங்கும் என்று சொல்வது இணைப்புகளைப் பற்றிய பேச்சு. ஒவ்வொரு இணைப்புக்கும் பின்னால் எத்தனை மெகாபைட் நிற்கிறது என்பதை நாம்தான் எண்ண வேண்டும்.

செமஃபோர் வைத்து வரம்பு போட்டிருக்கலாம், போட்டும் பார்த்தோம், வேலை செய்தது. பிறகு அந்த நிரலைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது ஒன்று தோன்றியது: 20 பேரை மட்டும் உள்ளே விடுகிற செமஃபோர், அதற்குள் காத்திருக்கிற ஏசிங்க் கிளையன்ட், வரிசை நீண்டால் 503 ('இப்போது முடியாது' என்ற பதில்) அனுப்புகிற பகுதி என்று இத்தனையும் சேர்ந்து செய்வது, ஒரு சாதாரண டெஃப் ஃபங்ஷனும் ஒரு டைம்அவுட்டும் செய்த வேலையைத்தானே? அதே 40 த்ரெட்களைப் பங்குபோடுகிற, எங்களிடம் டெஃபில் ஓடுகிற வேறு ஃபங்ஷன்கள் இரண்டோ மூன்றோதான், அவற்றுக்கும் அவசரம் கிடையாது. எனவே திரும்பவும் டெஃபுக்கே வந்து, 15 நொடி டைம்அவுட் மட்டும் சேர்த்தோம். த்ரெட் என்றாலே பழைய காலத்துச் சமாசாரம் என்று ஒரு எண்ணம் நம்மிடையே பரவிக் கிடக்கிறது. நிற்க வேண்டிய வேலைக்கு நிற்க ஓர் இடம் கொடுப்பதில் எந்தப் பழமையும் இல்லை. 2023-இல் ஜாவா 21 விர்ச்சுவல் த்ரெட்களோடு வந்ததும் இந்தத் தேவைக்காகத்தான் என்று நினைக்கிறேன்: நிற்கிற மாதிரியே எழுதிக்கொள், மற்றவர்களை நிறுத்தாமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று.

இப்போது ஒவ்வொரு ப்ராசஸிலும் ஒரு குட்டி வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. 100 மில்லிநொடி தூங்கும், எழுந்து கடிகாரத்தைப் பார்க்கும், 100-க்கு மேல் எவ்வளவு ஆனது என்று எழுதிவிட்டு மறுபடி தூங்கப் போகும். லூப் ஆரோக்கியமாக இருந்தால் ஒன்றிரண்டு மில்லிநொடிதான் கூடும். கேட் மூடினால் அந்த எண் நேராக மேலே ஏறும். லூப்பே நின்றுவிட்டால் இந்த வேலையும் சேர்ந்து நின்றுவிடும் என்பதால், அது கடைசியாக எழுந்த நேரத்தைத் தனி த்ரெட் ஒன்று வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும். அரை நொடிக்கு மேல் அசைவில்லை என்றால் மெயின் த்ரெட் எந்த வரியில் நிற்கிறது என்று லாகில் எழுதிவிடும். ஜாவா உலகில் ஈவென்ட் லூப்பின் மேல் ஓடும் வெர்ட்எக்ஸில் 2 நொடிக்கு மேல் லூப் நின்றால் அதுவாகவே எச்சரிக்கை எழுதுவதைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்தது. பைத்தானின் ஈவென்ட் லூப் லைப்ரரியான ஏசிங்க்ஐஓவிலும் பிழை தேட உதவும் டீபக் மோடைப் போட்டால் 100 மில்லிநொடிக்கு மேல் எடுத்துக்கொள்கிற எதையும் காட்டிக்கொடுக்கும், எங்கள் டெவலப்மென்ட் சூழலில் இப்போது அது எப்போதும் போட்டே இருக்கிறது, போலிச் சேவையும் வேண்டுமென்றே 3 நொடி தாமதித்துத்தான் பதில் சொல்கிறது. சிபியூ வரைபடத்தை நான் இப்போதெல்லாம் கடைசியாகத்தான் திறக்கிறேன்.

நெட்வொர்க் ஊழியரிடம் போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அந்த இரண்டு பத்திகளையும், பதினேழு ரிக்வெஸ்ட்கள் 22-ஆம் நொடியில் முடிந்ததையும், அவருக்குக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

போன மாதம் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர் ஒரு மாற்றத்தை அனுப்பியிருந்தார். கையொப்ப ஃபங்ஷனில் ஒரே ஒரு சொல் சேர்த்திருந்தார். "எல்லாம் ஏசிங்க்கா இருக்கு, இது மட்டும் ஏன் தனியா நிக்குது? ஒரே சீரா இருக்கட்டுமே" என்று குறிப்பு. நான் பதிலுக்கு விளக்கம் எதுவும் எழுதவில்லை. அந்த நாளின் இரண்டு லாக் வரிகளை மட்டும், 9.812 ஒன்று, 0.001 ஒன்று, ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி, இரண்டும் ஒரே ரிக்வெஸ்ட், எங்கே போயிருக்கும் மிச்ச நேரம் என்று கேட்டு அனுப்பினேன். மறுநாள் காலையில் அவரே அந்த மாற்றத்தை மூடிவிட்டு, வேறு இரண்டு ஃபங்ஷன்களில் லூப்புக்குள் ஃபைல் படித்துக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்துத் திருத்தி அனுப்பியிருந்தார். அவை இரண்டும் நான் எழுதியவை.